ஜீப் எத்தனை நடை போகும்? அர்ரே, லிஸ்ட், ஹாஷ், ட்ரீ: எதை எப்போது எடுப்பது

கம்பத்தில் சாயங்காலம் என்னிடம் புரோகிராமிங் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு, தரவு அமைப்புகள் (தரவை நினைவகத்தில் அடுக்கி வைக்கும் முறைகள்) தொடங்கும் மூன்றாவது மாதம் ஒரு குழப்பம் வரும். போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, ஹாஷ் டேபிள்ல தேடுறது ஒரே படிதான்னு புத்தகத்துல போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு மத்ததையெல்லாம் படிக்கணும்?" அதே வாரம், வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோருக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் போன் செய்தார். ஆள் பெயர்களை அர்ரேயில் வைப்பதா, லிங்க்டு லிஸ்டிலா, ட்ரீயிலா என்று மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு, எதையும் விட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் ஜீப்பும் ஏலக்காயும்தான், வேறு எனக்குத் தெரியாது. விடியற்காலையில் கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமிருந்து ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஏறும். அந்த ஆள் கணக்கும், மேலே ஸ்டோர்களில் காய் உலர்த்தும் கணக்கும் எழுதிக் கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

## முதலில் தரவிடம் என்ன கேட்கப் போகிறோம்

எது வேகம் என்று கேட்டால் பதில் கிடையாது. இவற்றைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எதைச் சொல்லித் தேடுவீர்கள்? "ஐந்தாவது ஆள் யார்" என்றா, "இந்த அட்டை எண் யாருடையது" என்றா, "7 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை அளவுள்ள காய் லாட்டுகள் எவை" என்றா, "அடுத்து உலர்த்த வேண்டியது எது" என்றா? நான்கும் நான்கு வேறு கேள்விகள்; நான்குக்கும் வேறு வேறு அமைப்பு பொருந்தும்.

புதிதாக வருவது எங்கே வந்து சேர்கிறது: கடைசியிலா, நடுவிலா? எடுப்பது எங்கிருந்து? வரிசை ஒழுங்கு வேண்டுமா, வேண்டாமா? மொத்தம் எத்தனை: முந்நூறு பேரா, மூன்று கோடியா? முந்நூறு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசமே தெரியாது.

இன்னொன்று, மோசமான நாளில் என்ன ஆகும். சராசரியில் நன்றாக ஓடுவது, சம்பள நாளன்று நின்றால் யாரும் சராசரியைப் பார்த்து மன்னிப்பதில்லை.

## படியை மட்டும் எண்ணினால் போதாது

பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்தப் பெரிய ஓ (Big O) அட்டவணை, தரவு பெருகும்போது எத்தனை படி ஆகும் என்று எண்ணுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரே விலை என்று வைத்துக்கொள்கிறது. இயந்திரத்தில் அப்படி இல்லை. செயலிக்கு ஒட்டிய எல்1 கேஷ் என்ற சிறு நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை எடுக்க ஏறக்குறைய 1 நானோவினாடி. அதே எண் ரேமில் இருந்தால் 100 நானோவினாடியை ஒட்டி ஆகும். கம்பத்தில் பக்கத்துக் கடைக்குப் போவதும் குமுளிக்கு ஏறிப்போய் வருவதும் இரண்டும் "ஒரு படி" என்றால் எப்படி?

இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. ரேம் வரை போன ஜீப் ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்புவதில்லை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் ஒரு நடைக்கு 64 பைட் சேர்ந்து வரும். 4 பைட் எண்கள் என்றால் பதினாறு. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே நடையில் வந்துவிடுவார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தால் ஒருவருக்கு ஒரு நடை. ஆகவே நான் படிகளோடு சேர்த்து நடைகளையும் எண்ணுகிறேன். கீழே உள்ள என் தீர்ப்புகள் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் வந்தவை.

## அர்ரே

பாடப்புத்தகத் தமிழில் அணி. ஒரே அளவு பெட்டிகள், இடைவெளி இல்லாமல் ஒட்டி. நானூறாவது ஆள் வேண்டுமென்றால் தேட வேண்டியதே இல்லை: தொடக்க முகவரியோடு 399 பெட்டி நீளத்தைக் கூட்டினால் இடம் தெரிந்துவிடும்.

பைத்தானில் "லிஸ்ட்" என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது அர்ரேதான். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அதன் பெட்டிகளில் முகவரிகள்தான் இருக்கும், பொருள் வேறெங்கோ கிடக்கும். எண்களாக நிறைய வைக்க வேண்டுமென்றால் நம்பை (NumPy) நூலகத்தின் அர்ரேதான் நிஜமான ஒட்டிய பெட்டி.

இடம் நிறைந்துவிட்டால்? பெரிய இடம் பிடித்து எல்லோரையும் குடிமாற்ற வேண்டும். ஜிசிசி கம்பைலரில் சி++ வெக்டர் இரண்டு மடங்காக வளரும், ஜாவாவின் அர்ரேலிஸ்ட் ஒன்றரை மடங்காக. பிள்ளைகள் பயப்படுவது இதைக் கண்டுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமில்லை. ஒரு பெட்டியில் தொடங்கி இரட்டித்து இரட்டித்து 1024 வரை போனால் மொத்தம் குடிமாறியவை 1 + 2 + 4 என்று கூட்டி 512 வரை, ஆக 1023. சேர்த்த ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு மாற்றம் கூட இல்லை. மறைந்திருக்கும் செலவு வேறு இரண்டு. குடிமாற்றும் நேரத்தில் பழைய வீடும் புதிய வீடும் ஒரே சமயத்தில் வாடகையில் இருக்கும். நினைவகம் இறுக்கமான கருவியில் அங்கேதான் விழும். அப்புறம், பழைய முகவரியைக் கையில் வைத்திருந்த யாருக்கும் இனி அது செல்லாது.

நடுவில் செருகுவது அர்ரேயின் பலவீனம் என்பார்கள். உண்மைதான், பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். ஆனால் ஒட்டி உட்கார்ந்திருப்பவர்களை நகர்த்துவது செயலிக்கு மிகப் பிடித்த வேலை. ஆயிரம் எண்களை ஒரு இடம் தள்ள அது அலட்டிக்கொள்வதே இல்லை. ஒழுங்கு தேவையில்லை என்றால் இன்னும் சுலபம்: நடுவில் ஒருவரை நீக்கிவிட்டு, கடைசி ஆளை அந்தக் காலி இடத்தில் உட்கார வைத்தால் முடிந்தது. இந்தத் தந்திரம் என்னை ஒருமுறை கவிழ்த்தது, கடைசியில் சொல்கிறேன்.

வரிசைப்படுத்தி வைத்த அர்ரேக்கு இன்னொரு பலம், பாதி பாதியாகத் தேடலாம். ஒரு லட்சம் பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 17 ஒப்பீடு. பத்து லட்சத்தில் 20. காலையில் ஒருமுறை நிரப்பி நாள் முழுக்கப் படிக்க மட்டும் செய்கிற பட்டியலுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். விலைப்பட்டியல், ஊர்ப்பட்டியல் எல்லாம் நான் இப்படித்தான் வைக்கிறேன்.

## லிங்க்டு லிஸ்ட்

1955, 56 வாக்கில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தங்கள் செயற்கை அறிவு ஆராய்ச்சிக்காக உருவாக்கிய ஐபிஎல் என்ற நிரல்மொழியில் இது பிறந்தது. ஒவ்வொரு உருப்படியும் தன் பொருளோடு அடுத்தவர் முகவரியையும் மடியில் கட்டி வைத்திருக்கும்.

கங்காணி இப்படி ஆள் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் ஆள் கோம்பையில். அவரை ஏற்றிய பிறகுதான் அடுத்தவர் தேவாரத்தில் என்று தெரியும். அவரை ஏற்றினால் மூன்றாமவர் திரும்பக் கம்பத்தில். அடுத்து எங்கே போக வேண்டும் என்பது இந்த ஆள் ஏறும் வரை தெரியாததால் செயலியால் முன்கூட்டி ஜீப் அனுப்பவும் முடியாது. பத்தாயிரம் உருப்படிகளைக் கூட்டிப் பார்க்கும் சாதாரண வேலையில் அர்ரேயிடம் இது தோற்பது இதனால்தான்.

இடமும் தின்னும். 64 பிட் இயந்திரத்தில் முன்னும் பின்னும் முகவரி வைக்கும் லிஸ்டில் 4 பைட் எண்ணைப் போட்டால், இரண்டு முகவரிக்கு 16, எண்ணுக்கு 4, ஒழுங்குக்காக விடும் காலி 4, மொத்தம் 24 பைட். ஆறு மடங்கு.

நடுவில் செருக ஒரே படி என்ற புகழ்? செருகும் இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால்தான். அந்த இடத்தைத் தேடி நடக்கும் செலவை அட்டவணை தனி வரியில் போட்டுவிடுகிறது, நாம் அந்த வரியைப் படிப்பதில்லை.

ஆனாலும் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். உருப்படி கையிலேயே இருக்கிறது, அதை மட்டும் உருவி வேறிடத்தில் கோர்க்க வேண்டும் என்கிற வேலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் முழுக்க இது நிறைந்து கிடக்கிறது. அண்மையில் பயன்பட்டதை வைத்துக்கொண்டு பழசைக் கழிக்கும் கேஷுக்கும் ஹாஷ் டேபிளோடு லிங்க்டு லிஸ்டைச் சேர்ப்பதுதான் வழக்கம். உருப்படி இடம் மாறவே கூடாது என்ற கட்டாயம் இருந்தாலும் இதுதான். எனக்கு இந்தப் பத்து வருடத்தில் இரண்டு முறை தேவைப்பட்டது.

## ஹாஷ் டேபிள்

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் எழுதிய உள்குறிப்பில் இந்த யோசனை இருக்கிறது: சாவியை ஒரு கணக்கில் போட்டு எண்ணாக்கு, அந்த எண் சொல்லும் அறையில் போய்ப் பார். அட்டை எண்ணைச் சொன்னதும் ஆள் விவரம் வர வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

செலவுகளைப் பார்ப்போம். இரண்டு சாவிக்கு ஒரே அறை விழுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்பது இதே கணக்குதான். அதனால் அறைகளை நிரப்பவே விடுவதில்லை. ஜாவாவின் ஹாஷ்மேப் முக்கால்வாசி நிறைந்ததுமே பெரிதாக்கிவிடும். கால்வாசி இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும், பெரிதாக்கும் அந்த ஒரு நொடியில் எல்லோரையும் புது அறைக்கு மாற்றுகிற தாமதமும் வரும்.

எல்லாச் சாவியும் ஒரே அறைக்குப் போனால் ஹாஷ் டேபிள் வெறும் லிஸ்ட் ஆகிவிடும். வேண்டுமென்றே அப்படிச் சாவிகளைத் தயார் செய்து அனுப்பி, பல மொழிகளில் ஓடும் வலைச் சேவைகளைத் திணறடிக்க முடியும் என்று 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பைத்தான் உட்படப் பல மொழிகள் ஹாஷ் கணக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு எண் கலக்கத் தொடங்கின. 2014இல் வந்த ஜாவா 8, ஓர் அறையில் கூட்டம் சேர்ந்தால் அந்த அறையை மட்டும் ட்ரீயாக மாற்றிக்கொள்ளும்.

வரிசையும் கிடையாது. பைத்தான் 3.7 முதல் அதன் ஹாஷ் டேபிளான டிக்ட் போட்ட வரிசையில் திருப்பித் தரும் என்ற உறுதி உண்டு. அது சேர்த்த வரிசை, அகர வரிசை இல்லை. "7 மில்லிமீட்டருக்கு மேல்" என்று கேட்டால் இது எல்லா அறைக் கதவையும் தட்ட வேண்டியதுதான்.

இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் காத்திருக்கும் செலவு ஒன்று உண்டு, அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

ஊர்வாரியாக ஆள் எண்ணிக்கை எடுக்க, ஊர்ப் பெயரைச் சாவியாக வைத்து ஒரு ஹாஷ் டேபிள் எழுதினேன். அறிக்கையில் கோம்பை இரண்டு தடவை வந்தது. ஒரு கோம்பையில் 31 பேர், இன்னொரு கோம்பையில் 12 பேர். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். அரை நாள் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது: "கோ" என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். ஒரு ஜீப்பின் பெயர்ப்பட்டியல் ஒரு விசைப்பலகையில் அடித்தது, மற்றது பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. கண்ணுக்கு ஒன்று, ஹாஷுக்கு இரண்டு.

இதற்கு மருந்து இருக்கிறது. சாவியாக்குவதற்கு முன், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் "கௌரி" என்பதை ளகரம் போட்டு "கெளரி" என்று அடித்திருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அது நிஜமாகவே வேறு எழுத்து. நம் பக்கத்தில் பட்டியல் பாதி மலையாளத்திலும் வரும். அங்கே "ன்", "ர்" போன்ற சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்கள்) 2008இல்தான் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன்பிருந்த முறையில் எழுதிய பெயரும் புதிய முறையில் எழுதிய பெயரும் ஒன்றாகவே தெரியும், என்எஃப்சி போட்டாலும் ஒன்றாகாது. ஆகவே எல்லையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு: பெயரைச் சாவியாக்காதீர்கள். எண் கொடுங்கள்.

## தேடல் ட்ரீ, சமநிலை ட்ரீ, பி-ட்ரீ

சின்னது இடது பக்கம், பெரியது வலது பக்கம். ஒவ்வொரு கிளையிலும் பாதி கழிந்துவிடும் என்பது கணக்கு. சேர்த்துக்கொண்டே இருக்கலாம், ஒழுங்கும் கெடாது, வரம்பு சொல்லியும் கேட்கலாம். தேதி வாரியாக இந்த வாரக் காய் எவ்வளவு, அளவு வாரியாக எந்த லாட் எங்கே என்பவை எல்லாம் இதன் வேலை.

சமநிலை பார்க்காத சாதாரண ட்ரீயை மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதினேன். ஸ்டோர்க்காரர் கொடுத்த பழைய பதிவேட்டை ஏற்றினேன். அவர் ஏற்கெனவே எண் வரிசையில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது, ஆக எல்லாமே வலது பக்கம். ட்ரீ என்று நான் நினைத்தது ஒற்றைக் கயிறாகத் தொங்கியது. ஒழுங்காக எழுதிய மனிதரின் தரவுதான் என் நிரலுக்கு மோசமான நாள்!

இதற்குத் தீர்வு 1962லேயே வந்துவிட்டது. அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் இருவரின் பெயரில் ஏவிஎல் ட்ரீ: ஒரு பக்கம் சாய்ந்தால் திருப்பி நிமிர்த்திக்கொள்ளும். சிவப்பு-கருப்பு ட்ரீ கொஞ்சம் தளர்வாக நிமிர்த்தும். ஜாவாவின் ட்ரீமேப் உள்ளே அதுதான். தேடல் அதிகம் என்றால் ஏவிஎல், சேர்ப்பும் நீக்கமும் அதிகம் என்றால் சிவப்பு-கருப்பு என்பார்கள். நீங்களாக எழுதப் போவதில்லை என்பதால் மொழி கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைக் கணக்கில் இந்த ட்ரீகளும் லிங்க்டு லிஸ்ட் சாதிதான். கிளைக்குக் கிளை ஒரு ஜீப். வட்டில் (டிஸ்க்) இருக்கும் தரவு என்றால் ஒவ்வொரு நடையும் இன்னும் எத்தனையோ மடங்கு தூரம். அதற்கு வந்தது பி-ட்ரீ, போயிங் நிறுவனத்தில் இருந்தபோது ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் செய்தது. ஒரு கணுவில் ஒரு சாவிக்குப் பதிலாக நூற்றுக்கணக்கில் அடைத்துவிடு, போனால் ஜீப் நிறைய ஏற்றிக்கொண்டு வா என்பதுதான் யோசனை. ஒரு கணுவிலிருந்து 200 கிளை பிரிந்தால் மூன்றே நடையில் 80 லட்சம் உருப்படிகளில் ஒன்றைப் பிடிக்கலாம். எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய தரவுத்தளங்கள் எல்லாவற்றிலும் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட வைக்கும் துணைப் பட்டியல்) என்றால் சாதாரணமாக இந்தக் குடும்பம்தான். நீங்கள் தரவுத்தளம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பி-ட்ரீயை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். செலவு? சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸையும் திருத்த வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து இன்டெக்ஸ் போட்டு வைத்தால் காய் எடை பதிவது மெதுவாகிவிடும்.

ட்ரீயிலும் தமிழுக்கென்று ஒரு வலி. ட்ரீ ஒப்பிட்டுத்தான் வைக்கும். ஒப்பீட்டை யூனிகோடு எண்ணில் விட்டால் அகர வரிசை தப்பும். யூனிகோடில் "ன" பகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், நம் நெடுங்கணக்கில் அது கடைசி. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் கிடப்பதால் "க்" என்பது "கௌ"வுக்கும் கீழே போய்விடும். தமிழ் ஒப்பீட்டு விதியைச் சொல்லிக் கொடுத்த பிறகே ட்ரீயில் பெயர்களை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு விதியை மாற்றினால் ட்ரீ முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும்.

## ஹீப்

1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் ஹீப்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையோடு சேர்த்துக் கொடுத்தது. இது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்: இப்போதைக்கு முதலில் நிற்பது யார்?

ஸ்டோரில் பல சிறு விவசாயிகளின் பச்சைக் காய் வந்து குவியும். பறித்து நேரமான காயை முதலில் உலர்த்தாவிட்டால் நிறம் போய்விடும். அடுத்து எந்த மூட்டை என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், புதிய மூட்டைகளும் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் வரிசைப்படுத்துவது வீண். ஹீப் தலைமேல் இருப்பதை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு மற்றதை அரைகுறையாக விட்டுவைக்கும், அந்தச் சோம்பல்தான் அதன் அழகு. உள்ளே வெறும் அர்ரே. முகவரி எதுவும் சுமக்க வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட மூட்டை உள்ளே இருக்கிறதா என்று கேட்காதீர்கள், முழுக்கத் துழாவும். முன்னுரிமை நடுவில் மாறினாலும் தொல்லை.

புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தை உதாரணம் காட்டி, உச்ச விலையைப் பிடிக்க ஹீப் எழுதியிருந்தான் ஒரு மாணவன். உச்ச விலை மட்டும்தான் வேண்டும், யாரும் விலகுவதில்லை என்றால் ஒரு மாறி போதுமே என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்தான்.

## ஸ்டாக், கியூ, ட்ரை

ஸ்டாக் என்பது லாரியில் ஏற்றிய மூட்டை. கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும். செய்ததை வாபஸ் வாங்கும் வசதிக்கு இதுவே. கியூ என்பது ஸ்டாண்டில் நிற்கும் ஜீப் வரிசை. பைத்தானில் லிஸ்டை வைத்து முன்னாலிருந்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாரும் நகர வேண்டும். டெக் (deque) என்று ஒன்று இருக்கிறது, அதை எடுங்கள். இவற்றில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை.

ட்ரை 1960இல் ஃபிரெட்கின் பெயர் வைத்தது. எழுத்து எழுத்தாகக் கிளை பிரியும். "கம்" என்று அடித்ததும் கம்பம், கம்பம்மெட்டு என்று காட்ட வேண்டுமா, இதுதான். நினைவகத்தை விழுங்கும். தமிழைப் பைட் பைட்டாகப் பிரித்து ட்ரை கட்டாதீர்கள்: யூடிஎஃப்-8இல் நம் குறி ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. மூன்று மாடி ஏறினால் ஒரு மாடிக்குத்தான் பயன். எழுத்து வாரியாகப் பிரியுங்கள்.

## ஒரே பார்வையில்

| அமைப்பு | எண் சொல்லி எடுக்க | சாவி சொல்லித் தேட | சேர்க்க | வரம்பு கேட்க | மோசமான நாள் |
|---|---|---|---|---|---|
| அர்ரே | உடனே | ஒவ்வொன்றாக | கடைசியில் சுலபம் | முழுக்கத் துழாவி | இடம் நிறையும்போது குடிமாற்றம் |
| வரிசைப்படுத்திய அர்ரே | உடனே | பாதி பாதியாக | மற்றவை நகர வேண்டும் | மிக நன்று | ஓயாமல் சேர்ப்பு வந்தால் |
| லிங்க்டு லிஸ்ட் | நடந்து போய் | நடந்து போய் | கையில் இடம் இருந்தால் உடனே | முழுக்கத் துழாவி | ஒவ்வொரு நடையும் |
| ஹாஷ் டேபிள் | இல்லை | உடனே | உடனே | முழுக்கத் துழாவி | எல்லாம் ஒரே அறையில் விழுந்தால் |
| சமநிலை ட்ரீ | இல்லை | சில படிகள் | சில படிகள் | நன்று | பெரிதாக ஒன்றுமில்லை |
| ஹீப் | இல்லை | முழுக்கத் துழாவி | சில படிகள் | முழுக்கத் துழாவி | நடுவில் இருப்பதைக் கேட்டால் |

அட்டவணையில் சமநிலை ட்ரீக்கு எங்கேயும் "உடனே" இல்லை, எங்கேயும் பெரிய அடியும் இல்லை. தரவு எப்படி வரும் என்றே தெரியாத இடத்தில், முக்கியமாக ஒழுங்கும் வேண்டும் என்றால், நான் அதை எடுப்பேன்.

## அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்

ஆள் விவரம் அர்ரேயில். அட்டை எண்ணிலிருந்து அர்ரே இடத்துக்கு ஒரு ஹாஷ் டேபிள். அகர வரிசையில் அச்சடிக்க வேண்டியது இரவில் ஒரு தடவைதான், அப்போது வரிசைப்படுத்திக்கொள். மூவாயிரம் பேருக்கு அது கண்ணிமைக்கும் நேரம். லிங்க்டு லிஸ்டை விட்டுவிடு. வரம்புக் கேள்விகள் தரவுத்தளத்தின் இன்டெக்ஸுக்குப் போகட்டும்.

இரண்டு அமைப்பைச் சேர்த்தால் வரும் செலவையும் சொன்னேன், அதை நானே கட்டியிருக்கிறேன். என் ஆள் கணக்கும் இதே அர்ரே, இதே ஹாஷ். நடுவில் யாராவது நின்றுவிட்டால் கடைசி ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவேன். வைத்தேன், ஆனால் ஹாஷ் டேபிளில் அவருடைய புது இடத்தை எழுத மறந்துவிட்டேன். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர் அந்தப் பழைய கடைசி இடத்தில் உட்கார்ந்தார். முதலாமவருடைய அட்டையைக் காட்டினால் கூலி இரண்டாமவர் பெயரில் ஏறியது.

சனிக்கிழமை கங்காணி அம்மா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இந்தப் பொண்ணு ஆறு நாளும் மேல வந்துச்சு, ஒன் கணக்குல ஒரு நாளும் வரல. நேத்து வந்தவளுக்கு ஏழு நாள் சம்பளமா?" அவருடைய நோட்டில் சுருக்குப் பையிலிருந்து எடுத்த பென்சிலால் போட்ட கோடுகள் இருந்தன, ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கோடு. யாராவது நின்றால் அந்த வரியை அடிப்பார், வேறு யாரையும் அங்கே எழுதுவதில்லை.

அன்றைக்கு ராத்திரியே நீக்குவதை நிறுத்தினேன். நின்றவர்களுக்கு "இல்லை" என்று ஒரு குறி மட்டும், இடம் அப்படியே காலியாக. மாதக் கடைசியில் கணக்கு முடித்த பிறகு அர்ரேயையும் ஹாஷையும் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறேன்.